காண்டலும் நோக்கலும்



தமிழில் கண்ணின் செயலைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். ஒன்று காண்டல், மற்றொன்று நோக்கல். கண் திறந்திருந்தால் காட்சி தானே வந்து விழுகின்றது, அது காண்டல். மனமும் கண்ணோடு சேர்ந்து, 'இஃது ஏன் இங்கே இருக்கின்றது? இதனை இவ்வாறு அமைத்தவர் யார்? வேறு விதமாக அமைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று வினவுமானால், அது நோக்கல். ஒரே தெருவில் நாள்தோறும் நடப்பவர்களுள் நூற்றுவர் காண்பர். நோக்குபவர் ஒருவரோ இருவரோதாம்.

நான் 35 ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். நோக்கும் பழக்கத்தைப் பயிற்றுவதற்கு ஏற்ற இடங்கள் ஆய்வுக்கூடம், அருங்காட்சியகம், வயல்வெளி என்றே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அவை ஏற்றவையே. ஆயினும் இன்று நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் அவற்றுள் ஒன்றும் அன்று. அது ஒரு விளையாட்டுப் பூங்கா. சிரிக்கவும் கூச்சலிடவும் தின்பண்டம் உண்ணவும் மக்கள் செல்லும் இடத்தில் பாடம் யாது என்று நீங்கள் வியக்கலாம். சிறிது பொறுத்துக் கேளுங்கள்.

அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் என்னும் ஊரில் இருக்கிறது டிஸ்னிலாந்து. திரைப்படச் சித்திரங்களால் உலகப் புகழ் பெற்ற வால்ட் டிஸ்னி, 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில், சுமார் 1 கோடியே 70 இலட்சம் டாலர் செலவில் அதனை உருவாக்கினார். 1955 ஜூலை 17ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. நாள்தோறும் பல்லாயிரவர் அதன் வாயிலினுள் நுழைகின்றனர். நுழைந்தவர்களுள் பெரும்பாலோர் முதலில் செய்வது யாது? ஓடுவதுதான். எந்த விளையாட்டில் வரிசை சிறியது என்று தேடி ஓடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் குடும்பத்தோடு நானும் அங்கே இரண்டு நாள் சுற்றினேன். முழங்கால் வலி காரணமாக ஓட இயலாதவன் ஆதலின், நின்று நோக்கும் வாய்ப்பு எனக்கு நிரம்பக் கிடைத்தது.

அங்கே மறைந்துள்ளவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் விளங்கிக்கொள்வது எளிது. நாம் காணக்கூடாது என்று மறைக்கப்பட்டவை முதல் வகை. நாம் தேடிக் காணவேண்டும் என்றே மறைத்து வைக்கப்பட்டவை இரண்டாம் வகை. எவரும் திட்டமிட்டு மறைக்காமல், காலம் விட்டுச் சென்றவை மூன்றாம் வகை.

முதல் வகையைக் காண்போம். பூங்காவைச் சுற்றிலும் மண்ணால் ஓர் உயர்ந்த கரை எழுப்பப்பட்டுள்ளது. அதன் மீது மரங்கள் அடர்ந்துள்ளன. சிறிய நீராவி இரயில் ஒன்றும் அதன் வழியே ஓடுகிறது. கரையைக் காண்போர், இரயிலுக்காக அமைத்த மேடு என்றே எண்ணுவர். அதன் பெரும்பணி வேறு. உள்ளே இருப்பவர் கண்ணுக்கு வெளியே உள்ள சாலைகளும் விடுதிகளும் மின்கம்பிகளும் புலப்படாமல் அது தடுக்கின்றது. கரைக்கு அப்பால் நகரம் இரைந்துகொண்டிருக்கிறது. கரைக்கு இப்பால் 1900ஆம் ஆண்டினை ஒட்டிய சிற்றூர்த் தெரு ஒன்று அமைதியாகத் தோன்றுகிறது.

அந்தத் தெருவின் கட்டடங்களை அண்ணாந்து நோக்குங்கள். கீழ்த்தளம் ஏறக்குறைய இயல்பான அளவில் இருக்கும். மேல்தளம் அதனினும் சிறிதாகக் கட்டப்பட்டிருக்கும். தொலைவில் உள்ளவை சிறியனவாகத் தோன்றும் என்பதை நம் கண் பிறந்தது முதல் பழகியிருக்கிறது. ஆதலின், சிறிதாகக் கட்டிய மேல்தளத்தைக் கண்டவுடன், 'அது மிக உயரத்தில் இருக்கிறது' என்று மூளை தீர்ப்பளித்துவிடுகின்றது. தெருவின் முடிவில் நிற்கும் அரண்மனையின் உயரம் 77 அடியே. ஆனால் அதன் சுவரில் கீழே பெரிய கற்களும் மேலே செல்லச் செல்லச் சிறிய கற்களும் காட்டப்பட்டிருப்பதால், அது விண்ணை முட்டுவதுபோல் தோன்றுகிறது.

இதே முறையை மலையிலும் கையாண்டுள்ளனர். சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மேட்டர்ஹார்ன் மலையின் உயரம் 14,692 அடி. அதனை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி, 147 அடி உயரத்தில் ஒரு செயற்கை மலையை 1959இல் எழுப்பினார்கள். அதன் சரிவில் அடிப்பகுதியில் பெரிய மரங்களும் மேலே சிறிய மரங்களும் நடப்பட்டன. மலையின் வயிற்றுக்குள் ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் ஆடுவதற்கு ஒரு சிறு கூடைப்பந்து ஆடுகளம் இருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி.

குறையையே நிறைவாக்கிய ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். அரண்மனைக்கு அருகே ஒரு சிறு நீர்வீழ்ச்சி. அதனைச் சூழ ஸ்னோ ஒயிட் என்னும் இளவரசியின் சிலையும் ஏழு குள்ளர்களின் சிலைகளும். 1961இல் அவற்றை நிறுவ முற்பட்டபோது ஓர் இடையூறு தோன்றியது. இளவரசியின் சிலை குள்ளர் சிலைகளின் அளவிலேயே செதுக்கப்பட்டிருந்தது. அருகருகே வைத்தால் அவளும் ஒரு குள்ளியாகவே தோன்றுவாள். ஜான் ஹென்ச் என்னும் ஓவியர் வழி கண்டார். நீர்வீழ்ச்சியின் உச்சியில் இளவரசியையும், அவள் அருகே மிகச் சிறிய மான் ஒன்றையும், கீழே குள்ளர்களையும் வைக்கச் செய்தார். மானோடு ஒப்பிட்ட கண், 'இளவரசி தொலைவில் இருக்கிறாள். ஆதலால் சிறியவளாகத் தெரிகிறாள்' என்று தானே கணக்கிட்டுக்கொள்கிறது. செதுக்கிய கல்லைத் திருத்த இயலாதபோது, அது நிற்கும் இடத்தைத் திருத்தினார்! தேர்வில் கணக்கு வராமல் திகைக்கும் மாணவன் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க செய்தி இது.

காட்டுப் பயணம் என்னும் படகுச் சவாரியில் ஆற்று நீர் கலங்கிய நிறத்தில் இருக்கும். சேற்று நீர் என்று எண்ணாதீர்கள். நிறமூட்டிய நீர் அது. படகு நீருக்கடியில் உள்ள தண்டவாளத்தைப் பற்றியே செல்கிறது; அத்தண்டவாளம் தெரியாதிருக்கவே நீர் கலக்கப்பட்டது. அக்காட்டினை வளர்த்தவர் பில் எவன்ஸ் என்னும் தோட்டக்கலை வல்லுநர். ஓராண்டில் பெருங்காடு எழுப்ப இயலுமா? அங்கே வெட்டப்பட்ட பழைய தோட்டத்து மரங்கள் சிலவற்றைத் தலைகீழாக நட்டு, வேர்களே முறுக்கிய கிளைகளாகத் தோன்றச் செய்தார். திறப்பு நாள் நெருங்கியும் சில இடங்களில் களைகளே மண்டியிருந்தன. அவற்றின் முன்னே இலத்தீன் மொழியில் பெயர்ப்பலகைகள் நடும்படி டிஸ்னி கூறினாராம்! பலகையைக் கண்டவர்கள் அவற்றை அரிய செடிகள் என்று கருதி வியந்திருப்பார்கள். பெயர்ப்பலகையைக் கண்டு மயங்கும் இயல்பு பூங்காவுக்கு வெளியேயும் உண்டு என்பதை நீங்கள் வளர வளர அறிவீர்கள்.

இயற்பியல் மாணவர்களுக்கு உகந்த இடம் 1969இல் திறக்கப்பட்ட பேய் மாளிகை. உள்ளே நுழைந்தவுடன் எண்கோண வடிவ அறை ஒன்றில் நம்மை நிறுத்துகின்றனர். சுவர்கள் மெல்ல மெல்ல மேல்நோக்கி நீள்கின்றன. குழந்தைகள் அலறுகின்றனர். உண்மையில் நடப்பது யாது? நாம் நிற்கும் தளமே கீழே இறங்குகின்றது. அந்த அறை ஒரு மின்தூக்கி. இந்த வேடிக்கை எதற்கு? காட்சிக்கூடம் மண்கரைக்கு வெளியே இருக்கிறது. கரையின் மீது இரயில் ஓடுகிறது. மக்களை இரயில் பாதைக்கு அடியில் நடத்திச் சென்றாக வேண்டும். பொறியியலின் தேவையை அச்சமூட்டும் ஒரு காட்சியாகவே மாற்றிவிட்டனர். 1967இல் திறக்கப்பட்ட கடற்கொள்ளையர் சவாரியில் படகு அருவியில் சரிந்து விழுவதும் இதே காரணத்தால்தான்.

அம்மாளிகையின் விருந்து மண்டபத்தில், ஊடுருவித் தெரியும் ஆவிகள் நடனமாடுகின்றன. இது 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்னும் அறிவியல் விரிவுரையாளர் மேடையேற்றிக் காட்டிய உத்தி. ஹென்றி டர்க்ஸ் என்னும் பொறியாளரின் எண்ணத்திலிருந்து வளர்ந்தது. இரவில் விளக்கெரியும் அறையிலிருந்து கண்ணாடிச் சாளரம் வழியே வெளியிருளை நோக்கினால், நம் முகமே இருளில் மிதப்பதைக் காண்கிறோம் அல்லவா? அதுவேதான். மண்டபத்திற்கும் நமக்கும் இடையே பெருங்கண்ணாடிகள் நிற்கின்றன. நாம் செல்லும் பாதைக்கு மேலும் கீழும், நம் கண்ணில் படாத இடத்தில், பொம்மைகள் ஆடுகின்றன. அவற்றின் மீது ஒளி விழும்போது அவற்றின் பிம்பம் கண்ணாடியில் பட்டு, மண்டபத்தின் நடுவே இருப்பதுபோல் தோன்றுகிறது. ஒளி அணைந்தால் ஆவியும் மறைகிறது. பிம்பத்தில் இடம் வலமாகும் அன்றோ? ஆண் வழிநடத்த வேண்டிய நடனத்தில் பெண் வழிநடத்துவதாக அங்கே காணப்படுவது அதனால்தான் என்பர்.

மற்றோர் இடத்தில் இரு கற்சிலை முகங்கள், நாம் நகர நகர நம்மையே திரும்பி நோக்குகின்றன. அவை திரும்புவதில்லை. முகங்கள் வெளியே புடைத்திராமல் உள்ளே குழிந்துள்ளன. குழிந்த முகத்தையும் புடைத்த முகமாகவே கொள்ளும் பழக்கம் நம் மூளைக்கு உண்டு. அதன் விளைவு இது. வீட்டில் ஒரு முகமூடி இருந்தால், அதன் உட்புறத்தை உங்கள் பக்கம் திருப்பித் தொலைவில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து பாருங்கள். பேய் மாளிகை உங்கள் கூடத்திற்கே வந்துவிடும்.

இனி, நாம் தேடிக் காண்பதற்காகவே வைக்கப்பட்டவை. முதலில் சொன்ன பழைய தெருவுக்கே திரும்புவோம். அங்கே மேல்தளச் சாளரங்களின் கண்ணாடியில் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. பல் மருத்துவர், இசை ஆசிரியர், தையற்காரர் என்று கற்பனைத் தொழில்கள் அவற்றோடு சேர்ந்திருக்கும். கடையின் விளம்பரம் என்று எண்ணி மக்கள் கீழே கடந்து செல்கின்றனர். உண்மையில் அவை பூங்காவை உருவாக்கிய ஓவியர், பொறியாளர், தோட்டக்காரர், நிருவாகிகள் ஆகியோரின் பெயர்கள். திரைப்படத்தின் தொடக்கத்தில் கலைஞர் பெயர்களைக் காட்டுகின்றார்கள் அல்லவா? அதுபோல, பூங்காவின் நுழைவுத் தெருவிலேயே உழைத்தவர் பெயர்களைப் பொறித்தனர்.

அவற்றுள் ஒரு சாளரத்தின்முன் நான் நெடுநேரம் நின்றேன். எலியாஸ் டிஸ்னி, ஒப்பந்தக்காரர், 1895 என்னும் பொருள்பட அதில் எழுதியிருக்கிறது. எலியாஸ், வால்ட் டிஸ்னியின் தந்தை. தச்சு வேலையும் கட்டட வேலையும் செய்தவர். 1893இல் சிகாகோவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியின் கட்டடங்களில் கூலிக்கு உழைத்தவர். தொழில் பல செய்தும் செல்வம் சேராதவர். 1941இல் அவர் மறைந்தார். 14 ஆண்டுகள் கழித்தே பூங்கா பிறந்தது. தந்தை காணாத ஊரில், தந்தையின் பெயருக்கு ஒரு சாளரத்தை மகன் ஒதுக்கி வைத்தார். எலியாஸ் போன்றவர்கள் கட்டிய கட்டடங்களில்தான் உலகம் குடியிருக்கிறது. அவர்கள் பெயரை உலகம் கேட்பதில்லை. கீழே இனிப்புக் கடையை நோக்கி விரைபவர் தலையைச் சற்று உயர்த்தினால் போதும், அப்பெயரைப் படிக்கலாம்.

கண்ணுக்கு மட்டுமா? காதுக்கும் அங்கே வேலை உண்டு. தெருவின் கிளை வழி ஒன்றில் சிறிது நேரம் நின்றால், மேல்தளச் சாளரத்திலிருந்து இசைப் பாடம் நடக்கும் ஒலியும், பல் மருத்துவர் பல் பிடுங்கும்போது நோயாளி எழுப்பும் ஓலமும் கேட்கும். கடை ஒன்றின் சுவரில் மாட்டியிருக்கும் பழைய தொலைபேசியைக் காதில் வைத்தால், முற்காலத்துப் பெண்கள் இருவர் விலைவாசி பேசுவதைக் கேட்கலாம்.

இரயில் நிலையம் ஒன்றில் நாங்கள் காத்திருந்தபோது, 10 வயதுப் பேரன் என் கையைப் பற்றி இழுத்து, "தாத்தா, அந்த அறைக்குள் யாரோ எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறார்களே, யார் அது?" என்று கேட்டான். அறையில் எவரும் இல்லை. 'கட் கடகட' என்னும் ஒலி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. அது தந்தி ஒலி. தந்தி என்றால் என்னவென்றே அவன் அறியான்; நம் நாட்டிலும் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. பழைய அமெரிக்க இரயில் நிலையங்களில் வழங்கிய தந்திக்குறியில், 1955இல் பூங்காவைத் திறந்தபோது டிஸ்னி ஆற்றிய உரையின் முதல் வரிகள் அங்கே ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அக்குறியை அறிந்தவர் இன்று உலகில் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் என்றேனும் வந்து நின்றால், அவருக்குப் பொருளற்ற ஒலி கேட்கலாகாது என்று எண்ணியிருக்கிறார்கள். பிறர் சோதிக்கமாட்டார்கள் என்பதற்காக ஒரு வேலையைப் பொய்யாகச் செய்யாதிருத்தல் என்னும் அறம் அந்த ஒலியில் இருக்கிறது.

1995இல் திறக்கப்பட்ட இந்தியானா ஜோன்ஸ் சவாரிக்குச் செல்லும் குகை வழியில், சுவரெல்லாம் விந்தையான எழுத்துக்கள். வெறும் அழகுக் கோடுகள் என்று மக்கள் கடந்து செல்வர். அவை ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியாக அமைத்த மறைமொழி. தொடக்க நாளில் அதனைப் படிக்க உதவும் அட்டைகளையும் வழங்கினர். அட்டை இல்லாமலும் படிக்கலாம். மிகுதியாக வரும் குறி எது என்று எண்ணி, அதனை ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்தோடு பொருத்திப் பார்த்து, படிப்படியாக முன்னேறலாம். வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரம் வீணாகாது!

மூன்று வட்டங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய வட்டம் ஒன்று, அதன் மேல் இரு சிறிய வட்டங்கள். 1928இல் திரைக்கு வந்த மிக்கி எலியின் தலை. அமைப்பாளர்கள் தமக்குள் விளையாட்டாக இவ்வுருவை எதிர்பாராத இடங்களில் ஒளித்து வைத்தனர். பேய் மாளிகையின் விருந்து மேசையில் ஒரு பெரிய தட்டும் இரு சிறு தட்டுகளும் இவ்வாறு கிடக்கின்றன. தேடுவது இன்பமே, ஆயினும் ஓர் எச்சரிக்கை. தேடத் தொடங்கியவனுக்குக் கூழாங்கல்லிலும் குமிழியிலும் மூன்று வட்டங்கள் தென்படும். வேண்டுமென்று வைத்தது எது, தற்செயலாய் அமைந்தது எது என்று பிரித்தறியாத தேடல் அறிவாகாது.

மூன்றாம் வகையானவை, காலம் விட்டுச் சென்றவை. பூங்காவுக்கு முன் அந்நிலம் ஆரஞ்சுத் தோட்டமும் வாதுமைத் தோட்டமுமாக இருந்தது. டொமிங்கஸ் என்னும் குடும்பத்தார் தம் நிலத்தை விற்றபோது, 1896இல் நட்டுப் போற்றிய ஒரு பேரீச்ச இன மரத்தைக் காக்குமாறு வேண்டினர். வேரோடு பெயர்த்து மற்றோர் இடத்தில் நட்டார்கள். காட்டுப் பயணத்தின் அருகே அது இன்றும் நிற்கிறது. பூங்காவைவிட மூத்த மரம் அது. அதன் நிழலில் நிற்பவர் அதனையும் பூங்காவின் அலங்காரம் என்றே கருதுகின்றனர்.

அதனினும் மூத்தது, ஆற்றங்கரையில் நிற்கும் கல்மரம். 1956இல் டிஸ்னி, கொலராடோ மாநிலத்தில் வாங்கித் தம் மனைவி லில்லியனுக்கு மணநாள் பரிசாகக் கொடுத்தார். வீட்டில் வைக்கும் பொருளா அது? எடை 5 டன். குறுக்களவு ஏழரை அடி. அம்மையார் 1957இல் அதனைப் பூங்காவுக்கே அளித்துவிட்டார். புதையுண்ட மரத்தின் அணுக்கள் இருந்த இடத்தில், நீரில் கரைந்து வந்த சிலிக்கா மெல்ல மெல்லப் படிந்து, மரம் கல்லாயிற்று. அருகிலுள்ள பலகை, 5½ கோடி முதல் 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காட்டினைச் சேர்ந்தது அது என்கிறது. ஆனால் அம்மரம் கிடைத்த ஃபுளோரிசன்ட் பகுதியின் பாறைப் படிவுகள் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பதே இன்றைய நிலவியலாரின் முடிபு. உலோகத்தில் பொறித்திருந்தாலும் செய்தி செய்தியே. அதனையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

சிறு நினைவுகளும் உண்டு. இந்தியானா ஜோன்ஸ் சவாரியின் கட்டடம், முன்பு வண்டிகள் நிறுத்திய இடத்தில் எழுந்தது. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதைப்பாத்திரத்தின் பெயர். இப்பகுதி ஈயோர் என்னும் கழுதைக்கு உரியது. வரிசையில் வரும் படக்காட்சி அறையில், உயரே இருட்டில், அந்தப் பழைய பெயர்ப்பலகை தொங்குகிறது. கரடிகளின் இசை நிகழ்ச்சி நடந்த கூடம் 2001இல் மூடப்பட்டு, 2003இல் வின்னி த பூ சவாரியாயிற்று. சவாரியின் நடுவே பின்னால் திரும்பி மேலே நோக்கினால், பழைய நிகழ்ச்சியில் பேசிய மான், எருது, கடமான் தலைகள் மூன்றும் இருளில் இருக்கக் காணலாம். முன்னே மட்டும் நோக்குபவர் அவற்றைக் காண்பதில்லை.

நுழைவுச் சதுக்கத்தின் தீயணைப்பு நிலையத்திற்கு மேலே ஓர் அறை. அதன் சாளரத்தில் ஒரு விளக்கு. டிஸ்னி பூங்காவில் தங்கும்போது அவ்வறையில் தங்குவார்; விளக்கு எரிந்தால் அவர் இருக்கிறார் என்று ஊழியர் அறிவர். 1966 டிசம்பர் 15இல் அவர் மறைந்தார். விளக்கை மட்டும் இன்றும் எரிய விட்டிருக்கிறார்கள்.

மாணவர்களே, இவ்வளவும் கேட்ட பின்பு, இரண்டு செய்திகளை நீங்கள் மறக்கலாகாது. ஒன்று, கேட்பதெல்லாம் உண்மையாகாது. அரண்மனையின் பின்வாயிலில் தரையில் பொன்னிறக் குமிழ் ஒன்று பதிந்திருக்கிறது. அதுவே பூங்காவின் நடுப்புள்ளி என்று பலர் சொல்வர். பிள்ளைகளை அதன்மேல் நிறுத்திப் படமும் எடுப்பர். அது கட்டட வேலையின்போது நில அளவையாளர் இட்ட குறி என்பதே வரலாறு அறிந்தோர் கூற்று. பூங்காவின் வரைபடத்தை விரித்து அளவுகோல் வைத்தாலே, நடுப்புள்ளிக் கதை நில்லாது. 1955க்குப் பின் பூங்கா பலமுறை விரிவடைந்துள்ளது. நடுப்புள்ளி மட்டும் இருந்த இடத்தில் எவ்வாறு இருக்கும்? ஓர் அளவுகோலால் தீரும் ஐயத்தை ஊர்ப்பேச்சால் தீர்த்துக்கொள்ளாதீர்கள்.

மற்றொன்று, மறைப்பவன் எதை மறைக்கின்றான் என்பதையும் நோக்கவேண்டும். மண்கரை விடுதிகளை மட்டும் மறைக்கவில்லை. உள்ளே காட்டும் 1900ஆம் ஆண்டுத் தெரு துப்புரவாகவும் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. அக்காலத்து அமெரிக்க ஊர்களில் கறுப்பின மக்கள் பட்ட துன்பமும், சிறுவர்கள் ஆலைகளில் உழைத்த அவலமும் அத்தெருவில் இல்லை. காட்டுப் பயணத்தில் பிற நாட்டுப் பழங்குடியினரை இழிவாகக் காட்டிய உருவங்கள் நெடுங்காலம் இருந்தன. 2021இல்தான் அவற்றை நீக்கி மாற்றியமைத்தனர். 60 ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ கோடி மக்கள் அவற்றைக் கண்டு சிரித்துக் கடந்தனர். அவை இருளில் ஒளிந்திருந்தவை அல்ல, பட்டப்பகலில் நின்றவை. கண்ணெதிரே நின்றும் நோக்கப்படாமல் இருந்தன. விளையாட்டாகத் தொடங்கும் நோக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இஃது ஒரு சான்று. கல்லின் அளவை நோக்கப் பழகிய கண், ஒருநாள் அநீதியையும் நோக்கும், நோக்கவேண்டும்.

உங்களுள் மிகச் சிலரே அனஹைம் செல்லக்கூடும். அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. நீங்கள் நாள்தோறும் நுழையும் பள்ளிக் கட்டடத்தில் அடிக்கல் ஒன்று இருக்கும். அதில் உள்ள பெயர்களை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? வகுப்பறைச் சாளரம் ஏன் அந்தத் திசையில் வைக்கப்பட்டது? முற்றத்து மரத்தை நட்டவர் யார்? சுவரைக் கட்டிய கொத்தனார் யார்? நாளைக் காலை ஐந்து நிமிடம் முன்னதாகச் செல்லுங்கள். நில்லுங்கள், அண்ணாந்து நோக்குங்கள், பின்னே திரும்பி நோக்குங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். ஐயம் எழுந்தால் அறிந்தவரை வினவுங்கள். வினவியதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, உண்மைதானா என்று சோதியுங்கள்.

அடிக்கல்லில் கொத்தனாரின் பெயர் பெரும்பாலும் இராது. அது யார் என்று கேட்டுத் தெரிந்து, உங்கள் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள்.